இலை கருகிவிட்டதா? ஜப்பானிய மேப்பிளைப் பிடுங்கிவிடாதீர்கள்!

[திரையில்: கறுத்துத் தொங்கும் இலைகள்]

வணக்கம். இந்த மரத்தை நட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. நேற்று மாலை வரை இலையெல்லாம் சிவப்பாகப் பளபளத்தது. இரவு உறைபனி அடித்து, இன்று காலையில் வதக்கிய கீரை மாதிரி தொங்குகிறது. செத்துப்போச்சா? பாருங்கள், ஒரு சின்னக் கிளையை நகத்தால் மெல்லச் சுரண்டுகிறேன். பட்டைக்கு அடியில் ஈரப் பச்சை தெரிகிறது அல்லவா? உயிர் இருக்கிறது! சில வாரங்களில் புது மொட்டு விடும். அதற்குள் அவசரப்பட்டு மண்வெட்டியை எடுத்துவிடாதீர்கள்.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானும் கொரியாவும் இதன் தாயகம். 1775-இல் ஜப்பான் போன சுவீடன் மருத்துவர் கார்ல் பீட்டர் துன்பெர்க், இலை உள்ளங்கை போல இருப்பதைப் பார்த்து இதற்கு ‘ஏசர் பால்மேட்டம்’ என்று பெயர் வைத்தார்.

ஆனால் ஜப்பானியர்கள் பார்த்த கை வேறு! மேப்பிளுக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘கயெதே’. ‘கயெரு’ என்றால் தவளை, ‘தே’ என்றால் கை. தவளைக் கை! எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. விரித்த இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு வைத்தது போலவே இருக்கும். அதைவிட அழகு, மொட்டு வெடிக்கிற அந்த முதல் சில நாட்கள். மூடிய குடை மாதிரி மடிப்பு மடிப்பாக, விரல்கள் கீழ்நோக்கித் தொங்கும். பலரும் இதைப் பார்த்து, வாடுகிறது என்று நினைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். அது வாட்டமே இல்லை. இலை இன்னும் விறைக்கவில்லை, அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

அந்த மெல்லிய இலைக்கு எமன் உறைபனிதான். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுக்களைக் கிழித்துவிடும். நர்சரிக் கன்றுகள் பல நேரம் கண்ணாடிக் கூடாரத்தின் கதகதப்பில் முன்கூட்டியே இலை விட்டு வந்தவை. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பழைய மரம் தப்பிக்க, உங்கள் புதுக்கன்று மட்டும் அடிபடுகிறது. டொரண்டோவில் எங்களுக்கு மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தினம் வரை இந்தப் பயம் உண்டு. இரவில் பூஜ்ஜியத்தை நெருங்கும் என்றால் ஒரு பழைய போர்வையைத் தரை வரை தொங்கும்படி போர்த்துங்கள். மண்ணின் சூடு உள்ளேயே தங்க வேண்டும். காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

சரி, தண்ணீர். புதுக்கன்றின் வேர் எல்லாம் இன்னும் அந்தத் தொட்டி மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது. அந்த மண் லேசானது, சீக்கிரம் காயும். சுற்றிலும் உங்கள் தோட்டத்துக் களிமண் சொதசொதவென்று இருக்கும்போதே நடுவில் வேர் தாகத்தில் தவிக்கலாம். ஆகவே ஓரத்தில் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். அடிமரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கணு ஆழம் விரலை விடுங்கள். காய்ந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக, அங்கேயே ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதில் பயனில்லை.

[திரையில்: மூடாக்கு போடும் கை]

அப்புறம் மூடாக்கு, அதாவது மண்ணை மூடிப் பரப்பும் போர்வை. மரச்சிராய் ஐந்து சென்டிமீட்டர் போதும். ஆனால் அடிமரத்தைத் தொடாமல் ஒரு கை அகலம் விட்டு, வளையமாகப் போடுங்கள். மரத்தைச் சுற்றி மலை மாதிரி குவித்து வைப்பதைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். மனசு வலிக்கிறது. பட்டை அழுகிவிடும்!

உரம்? முதல் வசந்தத்தில் வேண்டாம்.

கத்தரிப்பதும் இப்போது வேண்டாம். மேப்பிள் சிரப் என்ற இனிப்புப் பாகு தெரியும் அல்லவா? இதன் உறவுக்கார மரத்தில் வசந்தத் தொடக்கத்தில் வடியும் சாறுதான் அது. ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப் கிடைக்கும். சாறு ஓடும் அதே காலத்தில் வெட்டினால் உங்கள் மரமும் வடியும். ஒட்டுப் போட்ட இடத்துக்கு (வேறொரு கன்றின் அடித்தண்டில் இந்த ரகத்தை இணைத்த இடம்) கீழே முளைக்கும் பச்சைத் தளிரை மட்டும் விரலால் கிள்ளி எறியுங்கள்.

உங்கள் மரத்தில் மொட்டு வெடித்துவிட்டதா? எந்த ஊர், இலை என்ன நிறம் என்று கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். அதற்கு முன்னால், இன்றிரவு குளிர் எத்தனை டிகிரி என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.