போகும் நாளை முதல் நாளே சொல்லிவிடுங்கள்

(முதியோர் மனநலத்துக்கான தொண்டு அமைப்பில் பயிற்சிக்குச் சேர்ந்த மாணவர்களிடையே ஆற்றிய உரை)

வணக்கம். சமூகப்பணி, உளவியல், செவிலியம் என்று பல துறைகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு 'வயதானவர்களிடம் என்னத்தைப் பேசுவது' என்ற தயக்கம் இருக்கும். மீதிப் பேருக்குப் பதிவேட்டில் எத்தனை மணி நேரம் ஏறும் என்ற கணக்கு ஓடும். இரண்டிலும் தப்பில்லை. ஆனால் நான் அதிகம் பேசப் போவது நீங்கள் இன்னும் யோசித்தே பார்த்திருக்காத ஒன்றைப் பற்றி: இங்கிருந்து நீங்கள் கிளம்பப் போகிற நாள்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். சில மாதங்கள் மட்டும் வந்துபோகிற மாணவரால் என்ன ஆகிவிடும்? 2020-இல், கொரோனாவால் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. வீட்டுக்கு உணவு கொண்டுவந்து தரும் திட்டத்தில் இருந்த 240 பேரை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தொலைபேசி அழைப்பு. மீதிப் பாதிக்கு இல்லை. அழைத்தவர்கள் 16 பேர், 17 முதல் 23 வயதுக்குள், கொஞ்சம் பயிற்சி பெற்றவர்கள். முதல் வாரம் ஐந்து நாள் அழைத்தார்கள், அப்புறம் அழைப்பைப் பெறுபவரின் விருப்பப்படி. என்ன பேசுவது என்பதையும் எதிர்முனையில் இருப்பவரே முடிவு செய்தார். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், அழைப்பு வந்தவர்களிடம் தனிமையுணர்வு, மனச்சோர்வு, பதற்றம் மூன்றுமே மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. ஆக, உங்களால் ஆகும். ஆகும் என்பதால்தான் நீங்கள் கிளம்புவதும் பெரிய விஷயமாகிறது.

யோசித்துப் பாருங்கள். எண்பது வயதுக்காரர் எத்தனை பேரை வழியனுப்பியிருப்பார்? துணை போய்விட்டார். நண்பர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். வேலை போனது, வண்டி ஓட்டுவது நின்றது, காது மங்குகிறது. இந்த நிலையில் வாரம் தவறாமல் ஒரு இளம்பிள்ளை வந்து உட்கார்ந்து பேசுகிறது. அந்தக் கிழமை காலையில் அவர் முகச்சவரம் செய்துகொள்கிறார். நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து வைக்கிறார். திடீரென்று பரீட்சை வருகிறது, பிள்ளை வருவதில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா?' என்று அவர் எங்கள் ஊழியரிடம் கேட்கிறார். வேறு வேறு வீடுகளில் பெரியவர்கள் இப்படிக் கேட்டதை என் காதாலேயே கேட்டவள் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்: 'இன்ன மாதம், இன்ன தேதி வரை நான் வருவேன்.' அவர் வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியை அவர் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். முடிய மூன்று வாரம் இருக்கும்போது மறுபடி நினைவூட்டுங்கள். கடைசி நாளில் 'அடிக்கடி வந்து பார்த்துக்கொள்கிறேன்' என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் அழுகையைத் தவிர்க்க அது நல்ல வழியாகத் தோன்றும். அவர் அதை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நினைவாற்றல் குறைந்தவரென்றால் தேதி மறந்துபோகும். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதுதான்.

சரி, நடுவில் இருக்கிற மாதங்களுக்கு வருகிறேன்.

உங்கள் கையில் ஒரு கேள்வித்தாள் தரப்படும். முதுமைக்கால மனச்சோர்வைக் கண்டுகொள்வதற்காக யெசாவேஜ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் 30 கேள்விகளோடு உருவாக்கியது. 1986-இல் 15 கேள்விகளாகச் சுருக்கினார்கள். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். தூக்கம், பசி, உடம்புவலி பற்றி அதில் கேட்க மாட்டார்கள். மனச்சோர்வே இல்லாத முதியவருக்கும் அவை இருக்கும் என்பதால் வேண்டுமென்றே விட்டது. நல்ல கருவிதான். ஆனால் கருவி எப்படி ஏமாறும் என்று பாருங்கள்.

மாணவி படிக்கிறார்: 'வெளியே போய்ப் புதிதாக ஏதாவது செய்வதைவிட வீட்டிலேயே இருக்கத்தான் பிடிக்கிறதா?' பெரியவர் 'ஆமாம்மா' என்கிறார். மாணவி மனச்சோர்வுக் கணக்கில் ஒரு மதிப்பெண் போடுகிறார். பெரியவருக்கு மூட்டுவலி, படி இறங்க முடியாது, விஷயம் அவ்வளவுதான். அடுத்து: 'வாழ்க்கை வெறுமையாக இருப்பதாகத் தோன்றுகிறதா?' அவர் பார்வை கதவுப்பக்கம் போகிறது. அங்கே மகன் நிற்கிறார். 'சேச்சே, அதெல்லாம் ஒன்றும் இல்லை.' மாணவி பூஜ்யம் போடுகிறார். கூட்டுத்தொகை ஒழுங்காக வந்துவிடும், ஆள்தான் அதில் இல்லை. வீட்டாரைப் பக்குவமாக வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். காதுக்கருவி போட்டிருக்கிறாரா, அதில் பேட்டரி வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். உங்கள் முகம் இருட்டாகி உதடு அசைவது அவருக்குத் தெரியாது. பதிலுக்குப் பக்கத்தில் அவர் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள்.

அடுத்தது, எல்லோரும் பயப்படும் விஷயம். 'போய்ச் சேர்ந்தால் போதும்' என்று பல பெரியவர்கள் சொல்வார்கள். 'அப்படியெல்லாம் பேசாதீங்க' என்று வாயை அடைக்காதீர்கள். அடைத்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார். 'உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உலகின் பெரும்பாலான பகுதிகளில் தற்கொலை விகிதம் முதியவர்களிடம்தான் அதிகம். பெரியவர் சொல்வது வெறும் அலுப்பா, உண்மையான ஆபத்தா என்று பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலை இல்லை. அந்த வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே மேற்பார்வையாளரை அழையுங்கள். இப்போதே ஆபத்து என்று தோன்றினால் உதவி வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு எங்கள் முன்னால் வந்து தவிக்காதீர்கள். அந்த வாக்கையே கொடுக்காதீர்கள்.

போன வாரம் கலகலப்பாகப் பேசிய அம்மா இந்த வாரம் பாதித் தூக்கத்தில் இருக்கிறார், போர்வையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார், காலையா மாலையா என்று தெரியவில்லை. 'இன்று சோர்வாக இருந்தார், ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு வந்தால் ஆபத்து. மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெதுவாக வரும். மனச்சோர்வு வாரக்கணக்கில் படரும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஆள் மாறிவிட்டால் அது டெலிரியமாக, அதாவது உடல்கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பமாக இருக்கலாம்: சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றிப்போவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இப்படி ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். கத்திக் கலாட்டா செய்தால் எல்லோரும் கவனிப்பார்கள். அமைதியாகச் சுருண்டு கிடப்பவரைத்தான் தவறவிடுவார்கள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வாரம் ஒருமுறை பார்க்கிற உங்கள் கண்ணுக்கு, தினமும் பார்க்கிறவர்களுக்குத் தட்டுப்படாத மாற்றம் தட்டுப்படும்.

சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தையிடம் பேசுவதுபோல் குரலை இழுத்துக் கொஞ்சாதீர்கள். மறதிநோய் உள்ளவர்களிடம் அப்படிப் பேசினால் அவர்கள் பராமரிப்பை எதிர்ப்பது கூடுகிறது என்று ஆய்வே உண்டு. ஏடிஎம் அட்டையை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். அவரோடு எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவர் சம்மதித்தாலும் வேண்டாம்.

சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பழையதை அசைபோடுவதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகப் பார்த்த காலம் ஒன்று உண்டு. 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், அது வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்க்கிற இயல்பான வேலை என்று எழுதினார். ஆகவே ஏழாவது தடவையும் கேளுங்கள். ஆறு தடவை வராத ஒரு பெயர் அதில் வரலாம். ஆனால் நீங்களாகத் தோண்டாதீர்கள். எல்லாருடைய பழங்கதையும் சுகமானதில்லை. கிளறிய புண்ணை மூட உங்களுக்கு நேரமும் இருக்காது, பயிற்சியும் இருக்காது.

கடைசியாக, உங்களுக்கு அடுத்து வருபவருக்கான குறிப்பு. கேள்வித்தாள் மதிப்பெண்கள் கோப்பில் இருக்கும், அவற்றைத் திரும்ப எழுத வேண்டாம். 'இடது காது கேட்காது, வலப்பக்கம் உட்காரவும். பத்து மணிக்கு முன் பேச்சு வராது. அண்ணனைப் பற்றி அவரே ஆரம்பித்தால் ஒழியக் கேட்க வேண்டாம்.' இந்த மாதிரி அரைப் பக்கம் போதும். முடிந்தால் கடைசிச் சந்திப்புக்கு முந்தைய வாரம் அந்தப் புதியவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெரியவரிடம் அறிமுகம் செய்துவையுங்கள்.

பின்வரிசையில் ஒரு கை தெரிகிறது. கேளுங்கள். பயிற்சி முடிந்த பிறகும் போய்ப் பார்க்கலாமா? பார்க்கலாம், தன்னார்வலராகப் பெயர் கொடுத்துவிட்டு, எந்தக் கிழமை, எத்தனை மாதம் என்று எங்களிடமும் அவரிடமும் சொல்லிவிட்டு. நினைத்தபோது எட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.