எத்தனை டிகிரி என்று கேட்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. வெளியே மைனஸ் 15. ரொறன்ரோவில் இந்தக் காலத்தில் சூட்டு யோகா வகுப்புக்கு ஆள் கூடும். அதிலும் இப்போது ‘இன்ஃப்ராரெட்’, அதாவது அகச்சிவப்புக் கதிரால் சூடாக்குவது, என்று பலகை போட்ட கூடங்கள். சேர நினைக்கிறவர்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது, “உங்கட அறை எத்தனை டிகிரி?” அந்தக் கேள்வியால் அதிகம் பிரயோசனம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் காற்றின் சூட்டைக் காட்டுகிறது. அகச்சிவப்புச் சூடோ காற்றுக்குக் காத்திராமல் நேரே உடம்பில் விழுகிறது. பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறீர்கள், வெயில் முகத்தில் படுகிறது, கன்னம் இதமாகச் சுடுகிறது. ஒரு மேகம் மறைத்தால் அந்தக் கணமே விறைக்கிறது. காற்று முன்பும் மைனஸ் 5, பின்பும் மைனஸ் 5. தெர்மோமீற்றருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும்.

இன்னும் விளங்க வேண்டுமென்றால் குசினிக்குள் வாருங்கள். பழைய சூட்டு யோகா நீத்துப்பெட்டிப் புட்டு மாதிரி. அதில் பெயர்போன பிக்ரம் முறையில் 26 ஆசனங்கள், 90 நிமிடம், ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ், 40 வீத ஈரப்பதம். சூடான ஈரக்காற்று எல்லாப் பக்கமும் சுற்றி வந்து அவிக்கும். நடுவில் இருக்கிற மாவும் ஓரத்து மாவும் ஒன்றாகத்தான் வேகும். அகச்சிவப்பு அறையோ தணலுக்குப் பக்கத்தில் வைத்த மரவள்ளிக்கிழங்கு. தணலைப் பார்த்த பக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாய்க் கிடக்கும், நாங்கள்தான் திருப்பித் திருப்பி வைக்கவேண்டும். ஆகவே ‘35 பாகை’ என்று விளம்பரம் செய்யும் அதே அறையில் ஒருவருக்கு உச்சந்தலை கொதிக்கும், சன்னலோரம் படுத்தவருக்கு விலா குளிரும். இரண்டு பேரும் சொல்வது உண்மை. தணல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதனால் அறைக்குள் போனதும் மேலே பாருங்கள். கூரையில் சூடு தரும் தட்டையான பனல்கள் அறை முழுக்கப் பரவி இருக்கின்றனவா, அல்லது இரண்டு மூன்று பெரிய ஹீற்றர்கள் மட்டும் நடுவில் தொங்குகின்றனவா? மிதமான சூட்டில் பல பனல்கள் பரவியிருப்பது நல்லது. வரிசை வரிசையாகத் தனித்தனியே குறைக்கக்கூடிய சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது. கூரை உயரத்தையும் பாருங்கள். எட்டு அடிக் கூரையில் விருட்சாசனத்துக்குக் கை தூக்கினால் விரல் நுனி பனலை முட்டும் அளவுக்குப் போய்விடும். பத்து அடி இருந்தால் தலைக்கும் காலுக்கும் சூடு ஓரளவு சமப்படும். பனலில் சி.எஸ்.ஏ. போன்ற மின்சாதனப் பாதுகாப்புச் சான்று முத்திரை உண்டா என்றும் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இன்னொன்று. அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து இதுதான் அகச்சிவப்பு என்று நினைக்காதீர்கள். இந்தப் பனல்களில் இருந்து வரும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பாய்த் தெரிவது பெரும்பாலும் அலங்கார பல்ப்.

அடுத்தது காற்று. பழைய முறையில் ஊதுகிற ஹீற்றர் காற்றையாவது அசைக்கும். பனல் அசைக்காது. முப்பது பேர் மூச்சு விடுகிற அறையில் புதிய காற்று தனியாக வந்தாக வேண்டும். கரியமில வாயு அளக்கும் சின்ன மீற்றர் கடைகளில் கிடைக்கிறது. வெளிக்காற்றில் அது 420 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 420 பங்கு) அளவில் நிற்கும். வகுப்பின் நடுவில் ஆயிரத்தை நன்றாகத் தாண்டினால் காற்றோட்டம் போதாது. மீற்றர் இல்லையா, கால அட்டவணையைப் பாருங்கள். ஒரு வகுப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் பத்தே நிமிடம் என்றால் அறை ஆறவும் இல்லை, நிலம் துடைபடவும் இல்லை. அரை மணி இருக்க வேண்டும். நிலத்தில் கார்ப்பெற் என்றால் திரும்பி வந்துவிடுங்கள், எத்தனை பேரின் வேர்வையை அது குடித்திருக்கும்!

சரி, வாக்குறுதிகள். ‘சூடு தசைக்குள் ஆழமாய் இறங்கும்’ என்பார்கள். பனலின் தொலை அகச்சிவப்பு, அதாவது நீண்ட அலை அகச்சிவப்பு, தோலில் ஒரு மில்லிமீற்றர் கூடத் தாண்டுவதில்லை, அதற்குமேல் சூட்டைக் கொண்டுபோவது இரத்தம். ‘நச்சு வெளியேறும்’ என்பார்கள். வேர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், நச்சைப் பார்க்கிற வேலை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும். வகுப்பு முடிந்து ஒரு கிலோ குறைந்திருந்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். உப்புப் போட்ட மோர் குடித்தால் திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடிப்பதும் கூடாது.

எங்கள் சனத்தில் நீரிழிவு அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். சூட்டில் ஊசியால் போட்ட இன்சுலின் வேகமாக இரத்தத்தில் சேரும், உடற்பயிற்சியும் சர்க்கரையை இறக்கும். சர்க்கரை இறங்கினால் என்ன அறிகுறி? வேர்வை, தலைச்சுற்று, படபடப்பு. சூட்டு அறையில் எல்லோருக்குமே அதுதான்! எது எதனால் என்று உங்களுக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. வகுப்புக்கு முன்னும் பின்னும் சோதியுங்கள், குளுக்கோஸ் பாயில் இருக்கட்டும், இன்சுலின் பேனா அறைக்கு வெளியே இருக்கட்டும். பிரஷருக்கு நீர் போகிற குளிசை எடுப்பவர்கள், இதய வருத்தக்காரர், முதலில் வைத்தியரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

‘வகுப்பு நடக்கும்போது வெளியே போகக்கூடாது’ என்று விதி வைத்திருக்கிற இடத்தில் சேராதீர்கள். தலை சுற்றினால் எழுந்து போகக் கதவு திறந்திருக்க வேண்டும்.

மணி காட்டுகிறார்கள். ஒப்பந்தம் பற்றி ஒரு நிமிடம் சொல்ல இருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோ சட்டப்படி முன்பணம் வாங்கும் உடற்பயிற்சி நிலையம் ஒரு வருடத்துக்கு மேல் உங்களைக் கட்டிப்போட முடியாது. எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம், அதையும் எழுத்தில் அறிவியுங்கள். மாதாமாதம் கட்டும் வழியும் அவர்கள் தரவேண்டும். கையெழுத்துக்கு முன் ஒற்றை வகுப்புக்கு மட்டும் காசு கட்டி இரண்டு நாள் போங்கள். ஒருநாள் நடுவில் பாயைப் போடுங்கள், மற்றநாள் சன்னலோரம். துவாய் இரண்டு, மாற்றுடுப்பு ஒன்று. ஈரத் தலையோடு காருக்கு ஓட வேண்டாம். வணக்கம்.