விரல் தட்டியதும் கேட்க வேண்டும்

வணக்கம் நேயர்களே.

டேப்லெட்டில் இசை அமைக்கிறவர்கள் கையோடு எடுத்துப் போக எந்த மாதிரி ஸ்பீக்கர் வாங்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. பாட்டுக் கேட்க உதவும் ஸ்பீக்கரும், பாட்டு அமைக்க உதவும் ஸ்பீக்கரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கடையிலும் ஒரே அலமாரியில்தான் அடுக்கியிருப்பார்கள். ஆனால் கேட்கிறவருக்குத் தேவையானது வேறு, வாசிக்கிறவருக்குத் தேவையானது வேறு.

ஐபேடுக்கு கராஜ்பேண்ட் என்ற இசை அமைக்கும் ஆப் 2011-இல் வந்தது. அதற்குப் பிறகு திரையில் தட்டி டிரம் வாசிப்பதும், கீபோர்டைச் செருகி ஒரு முழுப் பாட்டையே மடியில் வைத்து முடிப்பதும் சாதாரணமாகிவிட்டது. டேப்லெட்டுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் போதவில்லை என்று எல்லாருக்கும் ஒருநாள் தோன்றும். அப்போது சட்டென்று கைக்கு வருவது வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர். இணைத்துவிட்டு டிரம்மைத் தட்டிப் பார்த்தால், விரல் ஒரு நேரத்தில் படுகிறது, சத்தம் இன்னொரு நேரத்தில் வருகிறது. உடனே, ஆப் சரியில்லை, டேப்லெட் பழசாகிவிட்டது, எனக்குத் தாளம் நிற்கவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். பெரும்பாலும் இது எதுவுமே காரணமில்லை.

ப்ளூடூத்தில் ஒலி போகும் வழியைக் கொஞ்சம் பாருங்கள். டேப்லெட் முதலில் ஒலியைச் சுருக்குகிறது. சின்னச் சின்னத் துண்டுகளாக்கி ரேடியோ அலையில் அனுப்புகிறது. ஸ்பீக்கர் அதை வாங்கி விரிக்கிறது. நடுவில் சிக்னல் ஒரு கணம் விட்டுப்போனாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக, வந்ததில் கொஞ்சத்தை எப்போதும் கையிருப்பாக வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் நமக்குக் கேட்கிறது. இதற்கெல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 250 மில்லிசெகண்ட் வரை பிடிக்கும்.

கால் செகண்டுகூட இல்லையே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லிசெகண்ட். அந்த அடியை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 125. ஒலி 200 மில்லிசெகண்ட் தாமதமாக வந்தால், நீங்கள் தட்டிய சுரம் காதுக்கு வரும்போது பாட்டு ஒன்றரைப் பங்கு தாண்டிப் போயிருக்கும். லயம் எங்கே நிற்கும்? காற்றில் ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், 200 மில்லிசெகண்ட் என்பது ஸ்பீக்கரைக் கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு இங்கே உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம்.

தாமதமே இல்லாத வாசிப்பு என்று ஒன்று கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் ஆம்ப்ளிஃபையரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் கிட்டார் கலைஞருக்கு அவருடைய ஒலியே 9 மில்லிசெகண்ட் பிந்தித்தான் கேட்கிறது. அது அவரைத் தொந்தரவு செய்வதில்லை. பத்துக்குள் இருந்தால் கை அதை உணர்வதே இல்லை. இருபதைத் தாண்டும்போது ஏதோ பிசகுகிறது என்று தோன்றும். நூறைத் தாண்டிவிட்டால் வாசிக்கவே முடியாது.

வீடியோ பார்க்கும்போது இது தெரிவதில்லையே என்றும் சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். வீடியோவில் அடுத்து வரப்போவது என்ன என்பது ஆப்புக்கு முன்பே தெரியும். ஒலி பிந்துகிற அளவுக்குப் படத்தையும் நிறுத்தி வைத்து இரண்டையும் சேர்த்துவிடுகிறது. உங்கள் விரல் எப்போது திரையில் படப்போகிறது என்று எந்த ஆப்புக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் அங்கே பலிக்கும் வித்தை இங்கே பலிக்காது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. தாளம் தவறாமல் இருக்க ஆப் 'டிக் டிக்' என்று கொடுக்கும் மெட்ரோனோமும் அதே ப்ளூடூத் வழியாகத்தான் வருகிறது. பிந்திக் கேட்கும் அந்த 'டிக்'கோடு விரலைச் சரியாகச் சேர்த்து வாசித்தால், ஆப்பின் கணக்கில் ஒவ்வொரு சுரமும் பிந்தி விழும். அப்புறம் வயரில் போட்டுக் கேட்டால் வாசித்த எல்லாமே பின்னால் இழுக்கும். வாசித்தவர் தன் தாள ஞானத்தையே சந்தேகப்படத் தொடங்குவார். புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் இதனால் மனம் விட்டுப்போவதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர்களிடம் ஒரு குறையும் இல்லை.

தாமதம் குறைந்த ப்ளூடூத் இல்லையா என்றால், இருக்கிறது. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறையில் தாமதம் 40 மில்லிசெகண்டை ஒட்டி வரும். ஆனால் அனுப்புகிற கருவி, வாங்குகிற கருவி இரண்டிலும் அது இருக்க வேண்டும்; ஐபேடில் ஆப்டெக்ஸே கிடையாது. எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறை நிலைமையைக் கொஞ்சம் மாற்றுகிறது. அதுவும் இரு பக்கமும் இருந்தால்தான் உதவும். இப்போதைக்கு என் கருத்து இதுதான்: ப்ளூடூத்தைக் கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், வாசிக்க வயரைப் போடுங்கள். முடித்த பாட்டைப் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டவோ, கட்டம் கட்டமாகத் தொட்டு லூப் எனும் திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகளை அடுக்கவோ ப்ளூடூத் போதும்.

அப்படியென்றால் ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது, ஒலி வயரைச் செருகும் 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் துளை. அது இப்போது அரிதாகிக்கொண்டே வருகிறது. ஜேபிஎல் சார்ஜ் 4-இல் அது இருந்தது, சார்ஜ் 5-இல் எடுத்துவிட்டார்கள். ஃப்ளிப் வரிசையிலும் 4-இல் இருந்தது, 5-இல் இல்லை. அதனால் பெயரை மட்டும் நம்பி, புதிய மாடல் என்றால் பழையதைவிட மேலாகத்தான் இருக்கும் என்று வாங்கிவிடாதீர்கள். நம் வேலைக்குப் பழைய மாடலே பொருத்தமாக இருக்கலாம். சில புதிய ஸ்பீக்கர்கள் யூஎஸ்பி-சி வயர் வழியாகவே ஒலியை வாங்கிக்கொள்கின்றன. நல்ல வழிதான், ஆனால் அந்தத் துளை சார்ஜுக்கு மட்டுமா, ஒலிக்கும் சேர்த்தா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

டேப்லெட் பக்கத்திலும் இதே கதை. ஐபேட் ப்ரோவில் 2018-லும், ஏரில் 2020-லும், மினியில் 2021-லும், சாதாரண ஐபேடில் 2022-லும் ஹெட்போன் துளை போய்விட்டது. யூஎஸ்பி-சியிலிருந்து ஆக்ஸுக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும். அதற்குள், டிஜிட்டல் ஒலியை ஆக்ஸ் வயரில் போகும் ஒலியாக மாற்றும் டிஏசி என்ற சிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் வயரை மட்டும் இணைத்துத் தரும் மலிவு அடாப்டரில் ஐபேடிலிருந்து ஒலியே வராது. அதோடு, இருப்பது ஒரே துளை. கீபோர்டு, ஒலி, சார்ஜ் மூன்றும் அதன் வழியாகவே போக வேண்டுமென்றால், சார்ஜையும் உள்ளே விடும் யூஎஸ்பி ஹப் ஒன்று தேவைப்படும். ஸ்பீக்கருக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வயர் போட்டாலே எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. இன்றைய சின்ன ஸ்பீக்கர்கள் பல, ஆக்ஸில் வரும் ஒலியையும் உள்ளே டிஜிட்டலாக்கி, திருத்தி, பிறகுதான் வெளியே விடுகின்றன. அதற்கும் நேரம் பிடிக்கும். சில ஸ்பீக்கர்களில் அது கைக்கே தெரிகிற அளவுக்கு இருக்கும். இந்த எண்ணை அட்டைப்பெட்டியில் போடமாட்டார்கள். அதனால் டேப்லெட்டையும் வயரையும் கடைக்கே எடுத்துப் போங்கள். டிரம் ஆப்பைத் திறந்து, மரக்கட்டையைத் தட்டுவது போல வெட்டென்று முடியும் ஒலி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விரல் நுனியால் தொடாமல், விரல் நகமும் சேர்ந்து கண்ணாடியில் 'டக்' என்று கேட்கும்படி தட்டுங்கள். நகத்தின் டக்கும் ஸ்பீக்கரின் டக்கும் ஒன்றாகக் கேட்டால் சரி. இரண்டாகப் பிரிந்து 'டடக்' என்று கேட்டால் அந்த ஸ்பீக்கரை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

அங்கேயே இன்னொன்றும் செய்யலாம். சிறிது நேரம் ஒன்றும் வாசிக்காமல் இருந்துவிட்டு, மெதுவாக ஒரு சுரம் தட்டுங்கள். சில ஸ்பீக்கர்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, ஒலி இல்லாதபோது தூங்கிப்போகும். எழுந்திருக்கும் நேரத்தில் முதல் சுரத்தின் தலையை விழுங்கிவிடும். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. யோசித்து யோசித்து ஒரு மெட்டைத் தேடுகிறவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

சரி, ஒலியின் தரத்துக்கு வருவோம். எல்லாரும் முதலில் கேட்பது பேஸ், அதாவது அடித்தள ஒலி, எப்படி என்பதைத்தான். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. உள்ளங்கை அகலமுள்ள ஸ்பீக்கரால் அந்த அதிர்வை உள்ளபடி தர முடியாது. இருந்தும் அந்தச் சுரம் நமக்குக் கேட்கிறதே? அதன் மேல் அதிர்வுகளான 82-ம் 123-ம் ஸ்பீக்கரில் வருகின்றன; அவற்றை வைத்து நம் மூளை அடியில் இருக்கும் சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. கேட்பதற்கு இது போதும். ஆனால் அந்த 41 எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமலே மிக்ஸில், அதாவது எல்லா ஒலிகளையும் அளவு பார்த்துச் சேர்க்கும்போது, ஏற்றுவதும் இறக்குவதும் குத்துமதிப்பு வேலை. பேஸை மட்டும் நல்ல ஹெட்போனில் சரிபார்த்துவிடுங்கள். ஸ்பீக்கரிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, வால்யூமுக்கு ஏற்ப ஸ்பீக்கர் ஒலியின் தன்மையை மாற்றுகிறதா என்பது. குறைந்த ஒலியில் நம் காதுக்குப் பேஸ் குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதை ஈடுகட்ட, பல ஸ்பீக்கர்கள் குறைந்த வால்யூமில் பேஸைத் தாமாகவே ஏற்றிக் கொடுக்கும். வால்யூமைக் கூட்டக் கூட்ட, உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு கிழிந்துவிடாமல் காக்கப் பேஸை இறக்கிவிடும். கேட்பவருக்கு இது உபகாரம். மிக்ஸ் செய்பவருக்கு, இரவில் மெதுவாக வைத்துச் சரிசெய்த பாட்டு காலையில் சத்தமாக வைத்தால் வேறு பாட்டாகக் கேட்கும். நீங்கள் நன்றாக அறிந்த ஒரு பாட்டைப் போட்டு, வால்யூமை அடியிலிருந்து மேல்வரை ஏற்றிப் பாருங்கள். டிரம்முக்கும் குரலுக்கும் உள்ள உறவு நடுவில் மாறுகிறதா என்று கேளுங்கள். அதிகம் மாறாத ஸ்பீக்கர், கொஞ்சம் சப்பென்று இருந்தாலும் நம் வேலைக்கு அதுதான் நல்லது.

சப்பென்று இருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆரடோன் என்ற குட்டிப் பெட்டியைப் பல காலம் மேசைமேல் வைத்திருந்தார்கள். ஒரே கூம்பு, பேஸும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. குரல், கிட்டார், பியானோ எல்லாம் நெருக்கியடித்து நிற்கும் நடுப்பகுதியை அது ஒளிக்காமல் காட்டும். அதில் குரல் தெளிவாகக் கேட்டால் மற்ற எதில் போட்டாலும் கேட்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். 1978-இல் வந்த யமஹாவின் என்எஸ்-10-ஐ அந்த வெள்ளைக் கூம்போடு கூடங்களில் வைத்துக்கொண்டதும் இனிமைக்காக அல்ல. மிக்ஸில் உள்ள பிழையை முகத்துக்கு நேரே சொல்லும் என்பதற்காக.

ஸ்டீரியோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றைப் பெட்டி ஸ்பீக்கரில் இடதும் வலதும் ஒன்றாகிவிடும், அல்லது ஒரு சாண் இடைவெளியில் நிற்கும். இரண்டு பெட்டிகளை ஜோடி சேர்க்கும் வசதி பலவற்றில் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வயரில்லா வழியில்தான் நடக்கும், விட்டுவந்த தாமதம் திரும்ப வந்துவிடும். இடது வலது முக்கியமென்றால், வயரால் இணைந்த சின்ன மானிட்டர் ஜோடிக்கு, அதாவது மிக்ஸ் செய்வதற்கென்றே வரும் ஸ்பீக்கர் ஜோடிக்கு, போவது மேல். ஐகே மல்டிமீடியாவின் ஐலவுட் மைக்ரோ மானிட்டர் அந்த வகை. மூன்று அங்குலக் கூம்பு, பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பேட்டரி கிடையாது, பிளக் பாயின்ட் வேண்டும். மரத்தடியில் உட்கார்ந்து இசை அமைக்கிறவருக்கு அது உதவாது.

வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒலி இரண்டு மடங்காகக் கேட்க, சக்தி பத்து மடங்கு வேண்டும். 10 வாட்ஸுக்கும் 20 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் காதில் கொஞ்சம்தான். கையெட்டும் தூரத்தில் வைத்து வாசிக்கிறவருக்கு இரண்டும் போதும். தண்ணீரில் போட்டாலும் கெடாது என்ற ஐபிஎக்ஸ்7 முத்திரைக்கும் இசைக்கும் சம்பந்தமில்லை.

வாங்கி வந்த பிறகு ஒரு தொல்லை வரலாம். டேப்லெட்டையும் ஸ்பீக்கரையும் சார்ஜில் போட்டுக்கொண்டே ஆக்ஸ் வயரில் இணைத்தால் 'ம்ம்ம்' என்றோ, சன்னமான 'கீ' என்றோ ஓர் இரைச்சல் கேட்கும். ஸ்பீக்கர் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பக்கத்துச் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது இரு சார்ஜர்கள் வழியாகவும் சுற்றி வரும் மின்னோட்டத்தின் வேலை. வயருக்கு நடுவில் செருகும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லாவிட்டால், வாசிக்கும் நேரத்தில் இரண்டையும் பேட்டரியில் ஓட்டுங்கள்.

ஸ்பீக்கரை மூலையில் தள்ளி வைத்தால் பேஸ் வீங்கும். சுவரிலிருந்து சற்று முன்னால் இழுத்து, இரண்டு தடிமனான புத்தகங்களின் மேல் வைத்து, முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். நடுப்பகுதி உடனே தெளிவதைக் கேட்பீர்கள்.

நன்றி, வணக்கம்.