கருகிய ரொட்டியில் ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

ரோமானியர்கள் என்றதும் பலருக்கு சீசர், நீரோ, சிங்கத்தோடு சண்டை, இவைதான் ஞாபகம் வரும். பல வருடங்களாக இந்த வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிற எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு ரொட்டி. கருகிப்போன ரொட்டி.

இத்தாலியில் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்தேன். ஹெர்குலேனியத்தில் கிடைத்தது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் பாம்பேய் நகரத்தைப் போலவே புதைந்துபோன சின்ன ஊர் அது. ரொட்டி வட்டமாக இருக்கிறது. பிட்டுத் தின்ன வசதியாக மேலே கோடு போட்டு எட்டுத் துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அடுப்புக்கரி மாதிரி கறுத்திருக்கிறதே தவிர, வடிவம் கொஞ்சமும் குலையவில்லை. அதன் மேல் ஒரு முத்திரை. 'குவிண்டஸ் கிரானியஸ் வேரஸின் அடிமை செலர்' என்று அதில் பொறித்திருக்கிறது.

கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன். ரொட்டியில் எதற்குப் பெயர்? மில்லுக்கு மிளகாய், மல்லி அரைக்கக் கொண்டுபோகும்போது டப்பா மூடியில் நாம் பெயர் எழுதுவோம் இல்லையா, அடுத்தவர் டப்பாவோடு மாறிவிடக் கூடாது என்று? அதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். பல வீட்டு ரொட்டிகள் ஒரே அடுப்பில் வெந்திருக்கும். எப்படியோ, அந்த முத்திரையால் ஒரு அடிமையின் பெயர் இன்று வரை வந்து சேர்ந்துவிட்டது. அடிமைதானே என்று செலரை 'அவன்' என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர் என்றே சொல்கிறேன்.

சரி, ரொட்டி சுடும் இடம் எப்படி இருந்தது? பாம்பேயில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட ரொட்டிக்கூடங்கள் இருந்தன. மாவு அரைப்பதும் பெரும்பாலும் அங்கேயேதான். நம் பாட்டி வீட்டுத் திருகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, எரிமலைக் கல்லில் செய்து, கழுதையைப் பூட்டிச் சுற்றவிட்டால் அதுதான் ரோமானிய மாவு ஆலை. ஒரு கூடத்தின் அடுப்பை 1862-இல் திறந்தபோது உள்ளே 81 ரொட்டிகள் இருந்தன. வைத்தவர்கள் எடுக்கத் திரும்பி வரவில்லை.

2023-இல் இன்னொரு கூடம் வெளிப்பட்டது. அதைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியுலகைப் பார்க்க ஒரு ஜன்னல் கிடையாது. வெளிச்சத்துக்கென்று உயரத்தில் சின்னத் திறப்புகள், அதிலும் இரும்புக் கம்பி. தரைக் கல்லில் அரைவட்டக் குழிகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிய கழுதை மணிக்கணக்காகச் சுற்றும்போது வழுக்காமல், தடம் மாறாமல் இருக்க. அதே இருட்டறையில் மனிதர்களும் அடைபட்டுக் கிடந்தார்கள். தெருவில் மணக்க மணக்க விற்ற ரொட்டி இங்கிருந்துதான் போனது.

முதலாளிகளின் கதை வேறு. ரோமில் போர்ட்டா மாஜோரே வாசலுக்கு அருகே யூரிசாசெஸ் என்ற ரொட்டி வியாபாரியின் கல்லறை இன்றும் நிற்கிறது. மாவு பிசைவது, அடுப்பில் வைப்பது, நிறுத்துப் பார்ப்பது எல்லாம் அதில் சிற்பமாக இருக்கிறது. அவ்வளவு பெரிய நினைவுச் சின்னம் அவருக்கு. செலருக்கு ஒரு விரல் நீளத்தில் முத்திரை. நான் எப்போதும் அந்த முத்திரையின் பக்கம்தான்.

அப்புறம், ரோம் நகரத்து ஏழைகள். மாடி மாடியாகக் கட்டிய வாடகைக் குடியிருப்புகளில் பலவற்றில் சமையலறையே இல்லை. கி.மு. 123-இல் மக்கள் பிரதிநிதி காயஸ் கிராக்கஸ் கொண்டுவந்த சட்டத்தால் குடிமக்களுக்கு நிர்ணய விலையில் கோதுமை கிடைத்தது. கி.மு. 58-இல் அது இலவசமானது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2 லட்சம் பேர் வாங்கினார்கள். ரேஷன் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். ஆனால் கையில் கோதுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அரைக்கவும் சுடவும் மறுபடி ரொட்டிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். மறுபடி செலர் போன்றவர்களின் கைக்குத்தான். எகிப்திலிருந்து அத்தனை கப்பலில் கோதுமை வந்தும், கடைசியில் அது ரொட்டியானது அந்தக் கைகளால்தான்.

நேரம் முடிகிறது என்று சைகை வந்துவிட்டது. பொதுக் குளியல் மண்டபங்களைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், அதற்கு இடமில்லை. மிளகை மட்டும் சொல்லிவிடுகிறேன். காரத்தைத் தவிர ஒன்றுமில்லாத இதற்காக இந்தியா வரை போகிறோமே என்று அலுத்துக்கொண்டார் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. ஒரு ராத்தல் கருமிளகு 4 டெனாரியஸ், அதாவது நான்கு ரோமானிய வெள்ளிக்காசு, என்று விலையையும் குறித்து வைத்தார். சேரநாட்டு முசிறியில் கப்பலேறிய மிளகு அது. ரோமானியக் கடற்படைத் தளபதியான அதே பிளினி, வெசூவியஸ் வெடித்தபோது மக்களைக் காப்பாற்றக் கப்பல்களோடு போய், கடற்கரையிலேயே இறந்துபோனார். செலரின் ரொட்டி கருகியதும் அதே எரிமலையில்தான்.

வணக்கம்.