கலங்கல் நீரும் ஓங்கில் குடும்பமும்

நேயர்களுக்கு வணக்கம்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? வெறும் மணலைப் பார்த்தே பழகிய நாம், பாலத்தின் மேல் கூட்டமாக நின்று அந்தச் செம்மண் நிறத் தண்ணீரைப் பார்த்தோம். அது கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர்ப் பக்கம் கடலில் போய்ச் சேர்ந்தது. ஆறு பெருகும் நாள்களில் முகத்துவாரத்தில் நின்றால், கலங்கல் நீரும் கடல் நீரும் கோடு கிழித்தாற்போலத் தனித்தனியே தெரியும். நமக்கு அது நிறமாற்றம். கடலில் வாழும் உயிர்களுக்கோ ஊர் எல்லை. டால்பின் என்று நாம் சொல்லும் ஓங்கில்கள் அந்த எல்லைகளை எப்படி மதிக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கடலில் மலை குறுக்கிடுவதில்லை, மதிலும் இல்லை. ஓங்கிலோ நெடுந்தூரம் நீந்த வல்லது. அப்படியானால் எல்லாம் கலந்து ஒரே குலமாகத்தானே இருக்க வேண்டும்? அப்படி இல்லை என்று அறிந்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை.

முதுகில் திமில் போன்ற மேடு உள்ள ஓங்கில் ஒன்று இந்தியப் பெருங்கடலின் கரையோரங்களில் வாழ்கிறது. ஆழம் குறைந்த நீரே அதற்கு வீடு. மார்ட்டின் மெண்டெஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஓமான், தான்சானியா, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் கரைகளில் வாழும் இந்த ஓங்கில்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூடவே, செயற்கைக்கோள் அளந்த கடலின் வெப்பம், கலங்கல், பச்சையம் ஆகியவற்றையும் அருகில் வைத்துப் பார்த்தார்கள். தூரத்தை மட்டும் வைத்து மரபணு வேறுபாட்டை விளக்க முடியவில்லை. நீரின் குணம் மாறும் இடத்தை ஒட்டியே மரபணுவும் மாறியிருந்தது. வானத்திலிருந்து பார்த்த நிறம், உயிரணுவுக்குள் இருக்கும் எழுத்தோடு பொருந்தி வந்தது!

ஏன் இப்படி? ஓங்கில் வெப்ப இரத்தப் பிராணி. நீரின் வெப்பம் ஓரிரு டிகிரி மாறினால் அது செத்துவிடாது. ஆனால் அது தின்னும் மீன் இடம் மாறும். நீரில் பச்சையம் மிகுந்திருந்தால் அங்கே நுண்பாசி பெருகியிருக்கிறது என்று பொருள். அதைத் தின்னும் சிறுமீன்களும், அவற்றைத் தின்னும் பெரியமீன்களும் அங்கே கூடும். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை குறைவு. ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டே இரை தேட வேண்டும். இதையெல்லாம் குட்டி தாயின் பக்கத்திலேயே நீந்தி, ஆண்டுக்கணக்கில் கற்கிறது. கற்ற கலை பலிக்கும் நீரைவிட்டு அது ஏன் போகும்? அங்கேயே வளரும், அங்கேயே துணை தேடும்.

நம் வழக்கில் சொன்னால், இரண்டு ஊர்களுக்கிடையே கொள்வினை கொடுப்பினை நின்றுபோகிறது. சவ்வாது மலைமேல் உள்ள ஊரும் அடிவாரத்து ஊரும் பார்க்கும் தூரத்தில் இருந்தும் சம்பந்தம் அரிதாக இருப்பதைப் போல. தலைமுறைகள் பல கழிந்தால் இரத்தமே வேறாகிவிடுகிறது. திமில் ஓங்கில்களை 2014 முதல் நான்கு தனி இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கருங்கடலின் உப்பு மத்தியதரைக் கடலின் உப்பில் ஏறக்குறையப் பாதிதான். அங்கே வாழும் புட்டிமூக்கு ஓங்கில்களும் மரபணுவில் தனித்தே நிற்கின்றன.

இதில் என் கவலை ஒன்று உண்டு. ஒரு கரையின் ஓங்கில்கள் வலையில் சிக்கி அழிந்தால், அடுத்த கரையிலிருந்து வேறு கூட்டம் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் அடுத்த கரையின் ஓங்கில்களுக்கு அந்த நீர் அந்நியம். எளிதில் வரமாட்டா.

திமில் ஓங்கில் நம் சோழமண்டலக் கரையிலும் உண்டு. அடுத்த விடுமுறையில் மாமல்லபுரமோ கல்பாக்கமோ போகிறவர்கள், கரையிலிருந்து முதுகுத் துடுப்பு எதையேனும் கண்டால் தேதியையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். மறக்காமல், அன்றைக்குத் தண்ணீர் தெளிவாக இருந்ததா, கலங்கியிருந்ததா என்பதையும் எழுதிவையுங்கள்.