கமுரோச்சோவில் அவசரப்படாதீர்கள்

வணக்கம். ஜப்பானியக் குற்றக்கதை வீடியோ கேம்களைப் பற்றிப் பேச எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் ஒரே தொடர், அதற்குள்ளும் பெரும்பாலும் ஒரே ஆட்டம். கன்ட்ரோலரைக் கையில் எடுத்தே பழக்கமில்லாதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அடுத்த அறையில் பிள்ளைகள் ஆடும்போது வரும் டமால் டுமீல் சத்தத்தோடு உங்கள் பரிச்சயம் முடிந்திருக்கும். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன்.

செகா நிறுவனம் 2005 டிசம்பரில், பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக ஒரு ஆட்டத்தை வெளியிட்டது. ஜப்பானியப் பெயர் ‘ரியூ கா கோதோகு’, அதாவது ‘டிராகனைப் போல’. வெளிநாடுகளில் ‘யாகுசா’ என்ற பெயரில் விற்றார்கள். இப்போது அங்கேயும் பழைய பெயருக்கே திரும்பி ‘லைக் எ டிராகன்’ என்கிறார்கள். யாகுசா என்றால் ஜப்பானின் அடியாள் கும்பல்கள். உருவாக்கியவர் நகோஷி தோஷிஹிரோ. முதல் இரண்டு ஆட்டங்களின் கதையை மேற்பார்வையிட்டவர் ஹாசே செய்ஷூ. தோக்கியோவின் கபுகிச்சோ வட்டாரத்தை வைத்துக் குற்ற நாவல் எழுதிப் பெயர் வாங்கிய எழுத்தாளர் அவர்.

கபுகிச்சோ ஷின்ஜுகு பகுதியில் இருக்கிற கேளிக்கைத் தெருக்கள். போருக்குப் பிறகு அங்கே ஒரு கபுகி நாடக அரங்கம் கட்டுவதாகத் திட்டம் போட்டுப் பெயரையும் வைத்தார்கள். அரங்கம் வரவே இல்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தத் தெருக்களைக் கிட்டத்தட்ட அளந்து எடுத்து, ‘கமுரோச்சோ’ என்று பெயர் மாற்றி ஆட்டத்துக்குள் வைத்தார்கள். முகப்பில் சிவப்பு வளைவு, உள்ளே பெட்டி பெட்டியாக மதுக்கடைகள் நெருக்கியடிக்கும் சந்து, மூலைக்கு மூலை நூடுல்ஸ் கடை.

இந்தக் கமுரோச்சோ மிகச் சின்ன இடம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடினால் இரண்டொரு நிமிடம்தான். இன்றைக்கு வருகிற பெரிய ஆட்டங்களில் குதிரை ஏறி அரைமணி நேரம் போனாலும் எல்லை வராது. போகிற வழியில் பார்க்கவும் ஒன்றும் இருக்காது. இங்கே ஆட்டத்துக்கு ஆட்டம் அதே தெருமுனை. 1988இல் அந்த மூலையில் தொலைபேசிக் கூண்டு இருந்தது, 2005இல் அங்கே வேறு கடை, இன்னும் பத்து வருடம் கழித்து இன்னொன்று. ஒரு ஊரில் இருபது வருடம் குடியிருந்தவருக்கு வருகிற பழக்கம் உங்களுக்கும் வந்துவிடும். வரைபடம் பார்க்காமல் கால் தானாகத் திரும்பும். சின்ன இடம், திரும்பத் திரும்ப வருகிற இடம். 

எங்கே ஆரம்பிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் ஆட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள், அதற்கு முன்னால் நடந்த கதையைச் சொல்லும் ‘யாகுசா 0’இல் ஆரம்பியுங்கள். 2015இல் ஜப்பானில் வந்தது, கதைக் காலம் 1988 டிசம்பர். ஜப்பானின் நிலவிலையும் பங்கு விலையும் வெறிபிடித்து ஏறிக்கொண்டிருந்த காலம். அதற்கு அடுத்த வருடம் டிசம்பர் 29ஆம் தேதி, ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 38,915ஐத் தொட்டது. பிறகு விழுந்த வீழ்ச்சியில் அந்த உச்சத்தை மறுபடி தாண்ட 2024 ஆகிவிட்டது. அந்த விலையேற்றக் குமிழி வெடிக்க ஒரு வருடமே இருக்கும்போது கதை நடக்கிறது. அங்கே இருக்கும் யாருக்கும் அது தெரியாது.

கதையின் மையம் ஒரு துண்டு நிலம். கொல்லைப்புறச் சந்தில், நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் காலி மனை. சுற்றியுள்ள நிலம் எல்லாம் கை மாறியாகிவிட்டது, இந்தத் துண்டு மட்டும் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியவில்லை. அங்கே ஒரு கொலை விழுகிறது. பழி கிரியூ கசுமா என்ற இருபது வயது அடியாள் மேல் விழுகிறது. அந்தப் பக்கம் ஒசாகாவில் மஜிமா கோரோ, ஒற்றைக் கண்ணர், ஒரு கேளிக்கை விடுதியின் மேலாளர். தங்கக் கூண்டில் வைத்த மாதிரி அவரை அங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு அத்தியாயம் இவர், இரண்டு அத்தியாயம் அவர் என்று மாறி மாறிப் போகும், மொத்தம் பதினேழு. நிலம் யாருக்கு என்பதுதான் கேள்வி. வாய்க்கால் வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

எதிரியை ஒரு குத்து விட்டால் உடம்பிலிருந்து நோட்டு நோட்டாகப் பணம் பறக்கும். பலர் இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள். 1988 எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

சரி, ஆடும்போது என்ன தப்பு நடக்கிறது? முதல் நான்கு அத்தியாயங்களில் பேச்சுக் காட்சி அதிகம், சண்டை குறைவு. அங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஆறாவது அத்தியாயத்தில் கை சுதந்திரமாகும். இன்னொன்று, சண்டை முறை. கிரியூவுக்கு மூன்று பாணி. சாதாரணக் குத்துச்சண்டை ஒன்று, வேகமாக விலகி விலகி அடிப்பது ஒன்று, சைக்கிள், நாற்காலி என்று பக்கத்தில் கிடப்பதைத் தூக்கி வீசும் முரட்டுப் பாணி ஒன்று. புதிதாக வருபவர்கள் முதல் பாணியையே பிடித்துத் தொங்குவார்கள். கூட்டமாக வந்தால் முரட்டுப் பாணிக்கு மாறுங்கள். கத்தியோ துப்பாக்கியோ வைத்திருப்பவன் வந்தால் விலகும் பாணி. குசே என்று ஒரு மூத்த அடியாள் ஐந்து முறை வந்து மோதுவார். ஐந்து முறையும் ஒரே மாதிரி அடித்தால் மூன்றாவது முறையிலேயே மூச்சு வாங்கும். மருந்துக்கடையில் ஸ்டாமினன் என்று ஒரு சத்து பானம் விற்கும். அத்தியாய முடிவு நெருங்கும்போது பையில் ஐந்தாறு இல்லாமல் போகாதீர்கள்.

பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள். தெருவில் மிஸ்டர் ஷேக்டவுன் என்று மலை போன்ற ஒருவர் நடந்துகொண்டிருப்பார். அவரிடம் தோற்றால் கையில் இருக்கிற அத்தனை பணமும் போய்விடும். கொஞ்சம் விட்டுவைப்பார் என்று நினைக்காதீர்கள், துடைத்து எடுத்துவிடுவார். அதனால் சம்பாதித்ததை உடனுக்குடன் திறமை கற்பதில் போட்டுவிடுங்கள். கற்ற வித்தையைத் திருட முடியாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த ஆட்டத்தில் அப்படியே விதி. பணம் பறிபோனாலும் அழ வேண்டாம், மறுபடி போய் அவரை அடித்தால் போனது அத்தனையும் திரும்பி வரும், கூடவே வட்டி மாதிரிக் கொஞ்சம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் போகமாட்டேன்.

முதலில் நிஜத்தில் நடந்தது. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. ஃபேமிகாம் கருவிக்கான ‘டிராகன் குவெஸ்ட் 3’ என்ற ஆட்டம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாள். கடை வாசல்களில் நீண்ட வரிசை, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து நின்ற பிள்ளைகள். வாங்கிக்கொண்டு வந்த சின்னப் பையன்களிடமிருந்து பெரிய பையன்கள் கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய செய்திகள் வந்தன.

‘யாகுசா 0’இல் அதை வைத்து ஒரு கிளைக்கதை. ஆட்டத்துக்குள் அந்தக் கேசட்டின் பெயர் ‘அராக்குரே குவெஸ்ட்’. ஒரு சின்னப் பையன் புதுக் கேசட்டை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வெளியே வருகிறான். ஒரு பெரிய பையன் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். கிரியூ, கும்பலே தேடிக்கொண்டிருக்கும் ஆள், கொலைப்பழி தலையில், அத்தனையையும் விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடுகிறார். பிடித்தால் அவனிடம் கேசட் இல்லை, அவனிடமிருந்து ஒரு ரவுடி பிடுங்கிவிட்டான். ரவுடியைப் பிடித்தால் அவனிடமும் இல்லை. நாய் வாயில் இருந்த எலும்பு மாதிரி அந்தக் கேசட் கை மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொருவரும் தனக்கு மேல் இருக்கிறவனிடம் பறிகொடுத்திருக்கிறான். கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? அந்தச் சின்னப் பையனின் அப்பா. மகனுக்குக் கொடுப்பதற்காகத்தான் அவர் அதைப் பறித்து வைத்திருக்கிறார், அது மகனுடையதே என்று தெரியாமல்.

சிரிக்கிறோம். ஆனால் கவனியுங்கள். பெரிய கதையில் நடப்பதும் இதுவேதான். ஒரு துண்டு நிலத்தை எல்லோரும் எல்லோரிடமிருந்தும் பிடுங்குகிறார்கள். அங்கே கோட்டும் சூட்டும், இங்கே அரைக்கால் சட்டை. ஆட்டத்தில் இப்படி 100 கிளைக்கதை இருக்கிறது. இவற்றை ‘ஓரத்தில் ஒட்டிய வேடிக்கை, நேரம் இருந்தால் பார்க்கலாம்’ என்று தாண்டிப் போகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. தாண்டிவிட்டு, ‘கதை நாடகத்தனமாக இருக்கிறது, எல்லோரும் சட்டையைக் கிழித்துக்கொண்டு அழுகிறார்கள்’ என்று குறை சொல்வார்கள். தெருவில் கிரியூ யாரென்றே தெரியாமல் கடைசிச் சண்டைக்குப் போனால் அந்த அழுகை நாடகமாகத்தான் தெரியும். கேசட்டுக்காக ஓடியவரைத் தெரிந்திருந்தால், அவர் அழும்போது சிரிப்பு வராது.

இதில் கோழியையும் சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிடம். பந்து உருட்டும் பௌலிங் கூடத்தில் தொடர்ந்து மூன்று முறை எல்லாக் கட்டைகளையும் சாய்த்தால் அதற்கு ‘டர்க்கி’ என்று பெயர், வான்கோழி. பரிசு தருகிறேன் என்று கூடத்துக்காரப் பெண் ஒரு நிஜக் கோழியைக் கையில் கொடுத்துவிடுவார். ஆங்கிலப் பதிப்பில் அதற்கு நகெட் என்று பெயர். பிறகு கிரியூ வீட்டுமனைத் தொழில் தொடங்கும்போது அந்தக் கோழியை மேலாளராக நியமிக்கலாம். வாடகையும் வசூலாகும். கோழி மேலாளரானாலும் லாபம் வந்த காலம் அது என்று ஆட்டம் சொல்கிறது. இதைவிடக் காரமாகப் பொருளாதாரக் கட்டுரை எழுத முடியாது என்பது என் கட்சி.

எல்லாவற்றையும் பார்க்காமல் முடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படாதீர்கள். கதை முடிந்த பிறகு, அதே சேமிப்பை வைத்துக்கொண்டு ஊரைச் சாவகாசமாகச் சுற்ற ஒரு தனி வசதி இருக்கிறது. விட்டுப்போன கிளைக்கதைகளை அங்கே பார்க்கலாம். ஆனாலும் அத்தியாயத்துக்கு ஐந்தாறு என்று கலந்து ஆடுவதே முறை. சோறு தனியாக, குழம்பு தனியாகச் சாப்பிடுவதில்லையே.

அடுத்தது ‘கிவாமி’, முதல் ஆட்டத்தின் மறு உருவாக்கம், 2016. கிரியூ பத்து வருடம் சிறையிலிருந்து வந்திருப்பதால் அவருடைய சொந்தச் சண்டைப் பாணி மங்கிப்போயிருக்கும். அதை மீட்க மஜிமாவோடு திரும்பத் திரும்பச் சண்டை போட வேண்டும். அவரோ தூணிலும் இருப்பார் துரும்பிலும் இருப்பார். சாக்கடை மூடிக்குள்ளிருந்தும் வருவார், சாலைத் தடுப்புக் கூம்புக்குள்ளிருந்தும் வருவார். இதில் ஒரு தொல்லை உண்டு. பெரிய எதிரிகள் நடுவில் நின்று ஒளிவிட்டுக்கொண்டே பலத்தைத் திரும்பப் பிடிப்பார்கள். ஒளியின் நிறத்துக்குரிய பாணிக்கு மாறி, அந்தப் பாணியின் முடிப்பு அடியைப் போட்டால்தான் அது நிற்கும். அதற்கு, அடிக்க அடிக்க ஏறுகிற ஹீட் என்ற சக்தி அளவு நிறைந்திருக்க வேண்டும். அந்த அடியை முன்னாலேயே கற்றிருக்கவும் வேண்டும். இது தெரியாமல் அரைமணி நேரம் ஒரே ஆளை அடித்துக் களைத்தவர்கள் ஏராளம்.

குறை இல்லாத தொடர் என்று சொல்லமாட்டேன். பெண் பாத்திரங்களைக் காப்பாற்றப்படவும் கடத்தப்படவும் மட்டுமே வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும். கிரியூ யாரையும் கொன்றதில்லை என்று கதை சத்தியம் செய்கிறது. கையிலோ மோட்டார் சைக்கிள், எதிரி தலைமேல். நான்காவது ஆட்டத்தை ஆடியவர்களுக்கு ‘ரப்பர் தோட்டா’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், தலையில் கை வைத்துக்கொள்வார்கள். கொலை என்று நம்பவைத்ததை, சுட்டது ரப்பர் தோட்டாதான் என்று பின்னால் மாற்றிவிடுவார்கள்.

இரண்டு நிமிடம்தான் என்று சைகை வருகிறது. ஏழாவது ஆட்டத்தை ஓடிக்கொண்டே சொல்கிறேன். 2020, புதுக் கதாநாயகன் கசுகா இச்சிபான். செய்யாத குற்றத்துக்கு 18 வருடம் உள்ளே இருந்தவர். இவர் டிராகன் குவெஸ்ட் பைத்தியம். அதனால்தான் சண்டையும் அதே மாதிரி நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று நடக்கும். வேலை மாற்ற வேண்டும் என்றால் ஹலோ வொர்க் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அது ஜப்பானில் நிஜமாக இருக்கிற அரசு வேலைவாய்ப்பு அலுவலகம். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் மஜிமாவும் அவருடைய சபத சகோதரர் சாயெஜிமாவும் சேர்ந்து எதிரிகளாக வருவார்கள். அந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுவது. அதற்கு முன் ஒசாகாவின் சொதென்போரி அரங்கத்தில் இறங்கிக் குழுவை 45ஆம் நிலைக்காவது ஏற்றிக்கொள்ளுங்கள்.

கும்பலை விட்டு விலகினாலும் ஐந்து வருடத்துக்கு வங்கிக் கணக்கும் வாடகை வீடும் கிடைக்காமல் தவிக்கிற முன்னாள் அடியாட்கள்தான் எட்டாவது ஆட்டத்தின் அடிநாதம். அது ஜப்பானின் நிஜ நிலைமை, விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். ‘ஜட்ஜ்மென்ட்’ என்கிற துப்பறியும் ஆட்டம் கையில் இருந்தும் பேசவே முடியவில்லை. அதே கமுரோச்சோ, வக்கீலாக இருந்த துப்பறிவாளர். ஆளைப் பின்தொடரும் காட்சிகள் மட்டும் அறுவை, மற்றபடி தாராளமாக ஆடலாம். எந்த ஆட்டமானாலும் குரலை ஜப்பானிய மொழியிலேயே வையுங்கள், கீழே வரும் எழுத்தை வாசித்துக்கொள்ளலாம். சிவப்பு விளக்கு எரிகிறது, நன்றி, வணக்கம்.