வடக்கு பாத்த சுவர்ல வெயில் விழுற நாலு மாசம்

(காட்சி: பழைய வண்ணாரப்பேட்டை. ஆறடி சந்து. கேமரா தரையிலிருந்து சுவர்மேல மெதுவா ஏறுது.)

இந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பாருங்க. அடியில சுண்ணாம்புப் பூச்சு, அதுமேல நீலம், நீலத்துமேல பச்சை, அதுக்கும் மேல எப்பவோ எழுதி அழிச்ச தேர்தல் விளம்பரம். எங்க வீட்டு வாசச் சுவர். வடக்கு பாத்தது.

வருஷத்துல எட்டு மாசம் இதுமேல மத்தியான வெயில் படாது. ஏப்ரல் கடைசியில ஒருநாள் லேசாத் தொடும். அன்னிக்கு எங்க அம்மா, "சுவத்துக்கு வெயிலு வந்துருச்சுடா, தலகாணியெல்லாம் எடுத்தா"ன்னு உள்ள பாத்துக் குரல் குடுப்பாங்க. காலண்டர் பாத்துச் சொல்றதில்ல, சுவரைப் பாத்துத்தான். எங்க வீட்டுல கோடை அப்படித்தான் ஆரம்பிக்கும்.

சென்னைக்குப் பருவமே கிடையாது, எப்பவும் ஒரே வெயில்னு சொல்றவங்க நிறையப் பேர். நான் ஒத்துக்கவே மாட்டேன். இங்க இலை நிறம் மாறாது, பனி கொட்டாது, சரிதான். ஆனா வெளிச்சம் மாறும். அது எந்தத் திசையிலிருந்து வருது, சந்துக்குள்ள எத்தனை அடி இறங்குது, எந்தச் சுவரைத் தொடுதுன்னு பாத்தாலே மாசத்தைச் சொல்லிடலாம். ஒரு வருஷம் கேமராவைத் தூக்கிட்டு நான் அலைஞ்சது அதுக்குத்தான்.

(காட்சி: தெருக்குழாய் பக்கத்துல வரிசையா பிளாஸ்டிக் குடங்க. மேலிருந்து எடுத்த படம்.)

இது ஏப்ரல் 24. மணி 12.07. குடங்களைச் சுத்தி நிழலைத் தேடிப் பாருங்க. இல்ல. ஒவ்வொரு குடத்தோட நிழலும் அந்தந்தக் குடத்துக்கு அடியிலயே போயிடுச்சு.

சென்னை இருக்கறது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில. சூரியன் வருஷா வருஷம் கடக ரேகை வரைக்கும், அதாவது இருபத்து மூணரை டிகிரி வடக்கு வரைக்கும் ஏறித் திரும்புது. போகும்போது ஒருதடவை, வரும்போது ஒருதடவை நம்ம தலைக்கு நேரா கடக்கும். போறது ஏப்ரல் 24 வாக்குல, திரும்புறது ஆகஸ்ட் 18 வாக்குல. நடுவுல இருக்கற சுமார் 116 நாளும் மத்தியானத்துல சூரியன் நமக்கு வடக்கே நிக்கும், நிழல் தெற்கே விழும். பள்ளிக்கூடத்துல "சூரியன் தெற்கால சாய்ஞ்சு போகும்"னு படிச்சது மீதி எட்டு மாசத்துக்குத்தான் பொருந்தும்.

அந்த நாலு மாசம்தான் எங்க சுவரோட பருவம்.

(காட்சி: ஜூன் 21, மத்தியானம். அதே சுவர், ரொம்ப நெருக்கத்துல.)

எனக்கு வருஷத்துலயே பிடிச்ச வெளிச்சம் இதுதான். இன்னிக்குச் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே வெறும் பத்து டிகிரிதான் சாய்ஞ்சிருக்கு. அதனால வெயில் சுவர்மேல நேரா அடிக்கல, மேலிருந்து கீழ தடவிட்டு இறங்குது. ஒரு சின்னப் பொரிஞ்ச பூச்சுக்குக்கூட அதைவிட அஞ்சு மடங்கு நீளத்துக்கு நிழல். கொத்தனார் கரண்டி எந்தப் பக்கம் இழுத்தார்னு தெரியுது. அழிச்ச எழுத்தெல்லாம் திரும்ப எழும்புது. சுமார் அரைமணி நேரம்தான், அப்புறம் சாதாரணச் சுவர் ஆயிடும்.

வண்ணாரப்பேட்டைங்கற பேர்லயே வெயில் இருக்குங்க. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல ஏற்றுமதித் துணியைத் துவைச்சு வெளுத்தவங்க குடியிருந்த பேட்டை இது. துணி வெளுக்கணும்னா தண்ணி வேணும், அதைவிட வெயில் வேணும். தறியில நெய்த துணி அழுக்கு நிறமா வரும், நனைச்சு நனைச்சு வெயில்ல விரிச்சாத்தான் வெள்ளை ஆகும். கப்பல் ஏறினது துணி மட்டும் இல்ல, இந்த மண்ணுல விழுந்த வெளிச்சமும் சேந்துதான் போச்சுன்னு எனக்குத் தோணும்.

(காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம். நெருக்கமா கட்டி வெச்ச விசைப்படகுகள். கொடிங்க படபடக்குது.)

மே மாசம். கத்திரி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், கிழக்குக் கடற்கரையில விசைப்படகுங்களுக்குத் தடைக்காலம். படகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசிட்டு நிக்குது. வலை பின்றாங்க, பெயின்ட் அடிக்கறாங்க. ஆனா நான் உங்களைப் பாக்கச் சொல்றது கொடிங்களை.

காலையில பத்து மணிக்கு எல்லாக் கொடியும் கடலைப் பாத்து நீட்டிட்டு இருக்கு. மேற்கேயிருந்து வர்ற காத்து, கச்சான். உள்நாட்டுச் சூட்டையும் புழுதியையும் அள்ளிட்டு வரும். வானம் நீலமா இருக்காது, வெளுத்துக் கிடக்கும். மண்ணு கடலைவிடச் சீக்கிரம் சூடேறுது, அதுமேல இருக்கற காத்து லேசாகி மேல போகுது, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல இருக்கற குளிர்ந்த காத்து உள்ள வரப் பாக்குது. கச்சான் அதைத் தடுக்குது.

(ஒரு நிமிஷம் பேச்சு இல்ல. கொடிங்க தளருது, தொங்குது.)

பாத்துட்டே இருங்க. இப்போ. ஒரு கொடி ஊருப் பக்கம் திரும்புது. இன்னொண்ணு. அடுத்தது. அஞ்சு நிமிஷத்துல மொத்தத் துறைமுகமும் முகத்தைத் திருப்பிக்கிச்சு. கடல்காத்து வந்துடுச்சு. ஊருக்குள்ள இருக்கறவங்களுக்கு இது வந்து சேர இன்னும் நேரமாகும், காசிமேட்டுக்குத்தான் முதல்ல. கச்சான் பலமா இருந்து கடல்காத்து வரவே லேட்டாகுற நாள்லதான் சென்னை 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். 2003 மே 31-ல நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி செல்சியஸ் பதிவாச்சு. அதனால கத்திரியில நான் தெர்மாமீட்டரைவிடக் கொடியைத்தான் நம்புவேன்.

(காட்சி: எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம். கருங்கல் குவியல்ல அலை மோதித் தெறிக்குது.)

இங்க ஒரு விஷயம் சொல்லாம நகர முடியல. மெரினாவுல காலை வெளிச்சம் அகலமான மணல்மேல பரந்து விழும். நம்ம பக்கம் கல்லுமேல விழுந்து சிதறும். ஏன்? நம்ம கரையோரமா அலை மணலைத் தள்ளிட்டுப் போற கணக்கை ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பாத்தா, தெற்கேயிருந்து வடக்கே போறதுதான் அதிகம். 1870-கள்ல சென்னைத் துறைமுகச் சுவரைக் கடலுக்குள்ள கட்ட ஆரம்பிச்சப்புறம் மணல் தெற்கே தேங்கிடுச்சு. மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்னுச்சு. தெருவே போச்சு, வீடு போச்சு. மிச்சத்தைக் காப்பாத்தத்தான் இந்தக் கல்லு. ஊரே கொண்டாடுற அந்த மணல்ல நம்ம பங்கும் இருக்குன்னு மெரினா போகும்போதெல்லாம் நினைச்சுக்குவேன்.

(காட்சி: ஆகஸ்ட், சாயங்காலம். தண்டையார்பேட்டை தாண்டி மேல ஏறுற மெட்ரோ ரயில்.)

2021-ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துச்சு. தண்டையார்பேட்டை தாண்டி இருட்டுச் சுரங்கத்திலிருந்து ரயில் வெளிய ஏறுற அந்த நொடிக்காகவே நான் டிக்கெட் எடுத்திருக்கேன். திருவொற்றியூர் போகும்போது வலது ஜன்னல் கிழக்கு, இடது ஜன்னல் மேற்கு. ஆகஸ்ட்டுல மேகம் உள்நாட்டுல கருக்கட்டி, சாயங்காலம் நம்ம தலைமேல பெஞ்சு, கடலுக்குப் போகும். மேகம் கடந்ததும் மேற்கே மணலி பக்கமிருந்து சூரியன் எட்டிப் பாக்கும். இப்போ வலது ஜன்னலுக்கு மாறிக்கங்க.

வானவில் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான். சூரியன் 42 டிகிரிக்குக் கீழ இருந்தாத்தான் தரையிலிருந்து பாக்கறவங்களுக்குத் தெரியும். அதனால ஆகஸ்ட் வானவில் சாயங்காலத்துல, கடல்மேல. ஐப்பசியில எல்லாம் தலைகீழ்: மழை கடலிலிருந்து கரைக்கு வரும், பெஞ்சுட்டு மேற்கே போகும், காலைச் சூரியன் பின்னாடியே வரும். அப்போ வானவில் மணலிப் புகைபோக்கிங்கமேல நிக்கும். மழை எந்தப் பக்கம் போகுதுங்கறதை வானவில்லே காட்டிக் குடுத்துடும்.

(காட்சி: நவம்பர். வியாசர்பாடி. மழை விட்ட தெரு.)

வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு வருஷத்துல சுமார் 1,400 மில்லிமீட்டர் மழைன்னா பாதிக்கு மேல இந்த மூணு மாசத்துல. சூரியனை மேகம் மூடினா வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து வராது, மொத்த வானமும் விளக்காயிடும். நிழல் இருக்காது. கோடையில வெளுத்துத் தெரிஞ்ச கிளிப்பச்சை, ரோஸ், மஞ்சள் சுவரெல்லாம் அதோட உண்மையான நிறத்துல நிக்கும். ராத்திரி ஈரத்தெருவுல விளக்கெல்லாம் ரெண்டா தெரியும். முன்னாடி சோடியம் விளக்கு, மழைத்தண்ணி மொத்தமும் ஆரஞ்சு. இப்போ எல்இடி வெள்ளை. எனக்கு அந்த ஆரஞ்சுதான் மழை.

ஆனா வியாசர்பாடியிலயும் புளியந்தோப்புலயும் முழங்கால் தண்ணியில நிக்கறவங்க முன்னாடி கேமராவைத் தூக்கிப் பிரதிபலிப்பு எடுக்க எனக்குக் கை வரல. அந்த நாள்ல எடுத்த படம் இந்த வீடியோவுல ஒண்ணுகூட இல்ல.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்துச்சு. தண்ணிமேல எண்ணெய் மெல்லிசாப் படர்ந்தா, மேல் பரப்புலயும் அடிப்பரப்புலயும் பட்டுத் திரும்புற வெளிச்சம் ஒண்ணோட ஒண்ணு மோதி ஏழு நிறமும் பிரியும். பாக்க மயில் கழுத்து மாதிரி. அதைக் கையால அள்ளினவங்க மீனவங்க, கை கருப்பாச்சு, வலை கருப்பாச்சு, இறாலும் நண்டும் போச்சு. வெளிச்சம் அழகா விழுதேன்னு அந்தத் தண்ணி நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. போகிப் புகையில சூரியன் செம்பருத்திப் பூவா எழும்பறதும் அப்படித்தான்.

(காட்சி: ஜனவரி கடைசி. காசிமேடு, விடியறதுக்கு முன்னாடி. மீன் ஏலம். விளக்கு வெளிச்சத்துல வஞ்சிரம், சங்கரா.)

பொங்கல் முடிஞ்சும் காலையில இன்னும் இருட்டாவே இருக்கேன்னு யோசிச்சிருக்கீங்களா? வருஷத்துலயே குட்டிப் பகல் டிசம்பர் 21 வாக்குல. ஆனா ரொம்பத் தாமதமா விடியறது அன்னிக்கு இல்ல. டிசம்பர் 21-ல சுமார் 6.26, ஜனவரி கடைசியில சுமார் 6.36. பூமியோட அச்சு சாய்ஞ்சிருக்கு, பாதையும் முழு வட்டம் இல்ல, ஜனவரி ஆரம்பத்துல சூரியனுக்குக் கிட்டப் போய் வேகமா ஓடுது. அதனால ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சி வர 24 மணி நேரத்துக்குமேல கொஞ்சம் கூடுதலாகுது. டிசம்பர் 21-ல 12.07-க்கு இருந்த உச்சி, ஜனவரி கடைசியில 12.22-க்குத் தள்ளிப் போயிடும். விடியலும் அதோட சேந்து தள்ளுது.

இதே இருட்டுல கரைக்கு வந்த படகுங்களுக்கு 1894-லிருந்து 1977 வரைக்கும் வழி காட்டினது உயர் நீதிமன்றக் கோபுரத்து உச்சி விளக்கு. தீர்ப்பு சொல்ற கட்டடம் ராத்திரியில திசையும் சொல்லிச்சு.

(காட்சி: மறுபடியும் ஆறடி சந்து. டிசம்பர், மத்தியானம். எதிர் வீட்டுச் சுவர்.)

மார்கழியில எங்க சுவர் ஈரம். வெயில் எதிர் வீட்டுச் சுவருக்குப் போயிடும், அது தெற்கு பாத்தது. மத்தியானச் சூரியன் இப்போ தெற்கே, ஐம்பத்து மூணரை டிகிரி உயரத்துல. சந்து ஆறடி அகலம்னா, எங்க மாடி விளிம்பிலிருந்து எட்டடி கீழ வரைக்கும்தான் எதிர்ச் சுவர்ல வெயில் இறங்கும். எங்க வீடு முன்னாடி 11 அடி உயரம். அப்போ எதிர் வீட்டுச் சுவர்ல தரைக்கு மூணடி மேல வரைக்கும் வெயில் இறங்கி வந்துச்சு. ஜன்னல் வழியா உள்ளயும் போச்சு. அந்த வீட்டு அக்கா ஜன்னல் கம்பியிலயே குழந்தைத் துணியைக் காயப்போடுவாங்க.

அப்புறம் நாங்க மேல ஒரு மாடி எடுத்தோம். 21 அடி. எட்டைக் கழிச்சா 13. எதிர் வீட்டோட மொத்த உயரமே 11 அடிதான்.

இந்தக் கணக்கை இந்த வீடியோவுக்காகப் போட்டப்பதான் நான் முதல்தடவை பாத்தேன். அக்கா அதைப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. எங்க அம்மாதான் அந்த வருஷமே மார்கழி பொறந்ததும் கூப்பிட்டுச் சொன்னாங்களாம், "இந்தாண்ட வந்துரு கண்ணு, மேல கொடி கட்டியிருக்கேன்."

(காட்சி: மொட்டை மாடி. பக்கெட்டோட படியேறி வர்ற அக்கா. பின்னாடி கடல், துறைமுகக் கிரேன், ராயபுரம் பக்கத்துக் கூரைங்க.)

"இன்னாடா படம் எடுக்கற, வெயிலையா?"

"ஆமாங்கா."

"எடு எடு. சாயறதுக்குள்ள இந்தப் பொடவை காஞ்சுரும். கொஞ்சம் நவுந்து நில்லு, நெழலு உழுது பாரு."